வாங்கிய ஃபிரிட்ஜ் நின்றுபோனால்: சிங்கப்பூரில் கடையிடம் நியாயம் கேட்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் வாங்கிய நான்காம் மாதம் நின்றுபோனது. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டி உள்ளே வைத்த இட்லி மாவு, காலையில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு காய்கறித் தட்டு வரை வழிந்திருந்தது. அதைத் துடைக்கும்போதுதான் உள்ளே குளிரே இல்லை என்று தெரிந்தது. அதற்காகப் பதினொரு வாரம் அலைந்தேன். அதில் எட்டு வாரம் நான் வரிசை தெரியாமல் செய்ததால் வீணானது.

அதன்பிறகு சொந்தக்காரர்கள், புளோக்கில் இருப்பவர்கள் என்று ஏழெட்டுப் பேருக்கு இதே வேலையில் கூட இருந்திருக்கிறேன். எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் போன் கடைக்குப் போகாமல் கம்பெனியின் சேவை மையத்துக்குப் போகிறது. அதுவும் பேச்சோடு நின்றுவிடுகிறது. எழுத்தில் ஒரு வரி இருப்பதில்லை. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. பழுதுதானா என்று பத்து நிமிடம் பாருங்கள்

டெக்னீஷியன் வந்து “பழுது இல்லை” என்று எழுதிவிட்டுப் போனால் அந்தத் தாள் கடைசிவரை உங்களுக்கு எதிராகவே பேசும். வந்துபோன கூலி கேட்கும் இடங்களும் உண்டு. அதனால் கூப்பிடும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயரில் இருந்தால் கழற்றி நேராகச் சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் போட்டுப் பாருங்கள். மிக்ஸி திடீரென நின்றால் அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். சுமை கூடினால் அது குதித்துக்கொண்டு வெளியே வரும், ஆறியதும் அழுத்தினால் ஓடும். முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷின் புதிதிலேயே அறை அதிர ஆடினால், பின்னால் இருக்கும் போக்குவரத்து போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று பாருங்கள். கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போட்டவை அவை. கழற்றாமல் ஓட்டினால் மெஷின் கெடும். பொருத்திக் கொடுத்தது கடையின் ஆள் என்றால் அதைப் படமெடுத்து வையுங்கள்.

பொருளைப் போட்டதும் வீட்டின் மெயின் விழுகிறதென்றால் அது வேறு கதை. மின்கசிவு இருக்கலாம். “இன்னொரு தடவை பார்க்கலாம்” என்று திரும்பத் திரும்பப் போடாதீர்கள். கருகல் வாசனை, புகை என்றாலும் அப்படியே. பிளக்கைக் கழற்றி விலக்கி வையுங்கள்.

அப்புறம் ஒன்று. எந்தக் காரணத்துக்காகவும் ஸ்குரூவைத் தொடாதீர்கள். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு: தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டு “ஒரு கை பார்த்துவிடு” என்பது. அந்தத் தம்பி கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் மூடியைத் திறந்த அடையாளம் ஒன்று போதும், “வெளியாள் கைவைத்ததால்தான் கெட்டது” என்று சொல்லக் கடைக்கு வழி கிடைத்துவிடும். என் பெரியம்மா மகன் கிரைண்டர் விஷயத்தில் கோட்டை விட்டது இங்கேதான்.

2. படமும் காணொளியும் முதலில், துடைப்பது பிறகு

நான் மாவைத் துடைத்த பிறகுதான் படமெடுத்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பழுது தெரியும்படி ஒரு காணொளி எடுங்கள். ஒரே காட்சியில், நிறுத்தாமல், மாடல் எண்ணும் தொடர் எண்ணும் உள்ள ஸ்டிக்கரையும் காட்டுங்கள். தனித்தனியாக எடுத்தால் “இது எங்கள் கடையில் வாங்கியதுதானா” என்ற கேள்வி வரும். ஃபிரிட்ஜ் என்றால் உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்து, மணி தெரியும்படி எடுத்தால் இன்னும் நல்லது.

ரசீதை இன்றைக்கே படமெடுங்கள். கடை ரசீது பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாகிறது. சில மாதங்களில் மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். சமையலறை டிராயரில் போட்டால் இன்னும் சீக்கிரம்.

ரசீது தொலைந்துவிட்டதா? அதோடு எல்லாம் முடிந்ததாக நினைக்க வேண்டாம். அந்தக் கடையில், அந்த நாளில், அந்தப் பொருளை வாங்கினீர்கள் என்று காட்டினால் போதும். வங்கிக் கணக்கறிக்கை, பேநவ் வழி பணம் அனுப்பிய பதிவு, கடையின் உறுப்பினர் கணக்கு, வீட்டில் இறக்கியபோது கையெழுத்து வாங்கிய டெலிவரி சீட்டு எல்லாம் உதவும். டெலிவரி சீட்டை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. அது ஏன் முக்கியம் என்பது அடுத்த படியில் வருகிறது.

3. மூன்று தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

முதல் தேதி: பொருள் உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டத்தில் 2012 செப்டம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்த பகுதியைத்தான் எல்லாரும் ‘லெமன்’ (குறையுள்ள பொருள்) சட்டம் என்கிறார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது பொருள் கைக்கு வந்த நாளிலேயே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. குறை முதலிலேயே இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. இந்த வழிகாட்டியில் உங்களுக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது.

கணக்கு தொடங்குவது பணம் கட்டிய நாளில் அல்ல, பொருள் வந்து சேர்ந்த நாளில். புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குச் சாவி வரும் முன்பே விற்பனை மேளாவில் வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் வாங்கிப் போட்டு, மாதக்கணக்கில் கழித்து டெலிவரி எடுப்பவர்கள் நிறைய. ரசீதின் தேதியைப் பார்த்து “ஆறு மாதம் தாண்டிவிட்டது” என்று கடைக்காரர் சொல்வார். டெலிவரி சீட்டைக் காட்டினால் பேச்சு மாறும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பொருளை இறக்கிவிட்டு, ரெனவேஷன் முடியட்டும் என்று நாலு மாதம் பெட்டி பிரிக்காமல் வைப்பார்கள். பெட்டிக்குள் இருந்தாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வந்த வாரமே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது தேதி வாரண்டி முடியும் நாள். இது கம்பெனி தன்னிஷ்டமாகத் தரும் வாக்கு. சட்ட உரிமை வேறு, இது வேறு. அட்டையை முழுதாகப் படியுங்கள். “கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு” என்று கதவில் பெரிதாக ஒட்டியிருப்பார்கள். பல அட்டைகளில் அது அந்த உதிரிபாகத்துக்கு மட்டும்தான். மாற்றும் கூலி, குளிர்பதன வாயு நிரப்பும் செலவு உங்களுடையதாக இருக்கும்.

மூன்றாவது தேதி இரண்டு ஆண்டு. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவதானால், உரிமைமீறல் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். எந்த நாளில் அது நடந்தது என்று வாதம் வரலாம் என்பதால், பொருள் வந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். கடையுடன் இழுபறி நடக்கும் மாதங்களும் இதில் கழிந்துகொண்டே இருக்கும்.

4. கடையிடம் போங்கள், கம்பெனியிடம் அல்ல

உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு பொருளை விற்றது கடை. சட்டப்படி பொறுப்பும் கடைக்குத்தான். “அதெல்லாம் சேவை மையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அவர்கள் ஓர் எண்ணை எழுதிக் கொடுப்பார்கள். நாமும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். நான் எட்டு வாரத்தைத் தொலைத்தது இப்படித்தான்: சேவை மையம் உதிரிபாகத்துக்குக் காத்திருந்தது, கடைக்கு விஷயமே தெரியாது. பிறகு நான் கடையில் போய்க் கத்தியபோது, “சார், நீங்கள் எங்களிடம் புகாரே கொடுக்கவில்லையே” என்றார் அந்தப் பையன். அவர் சொன்னது சரிதான்.

பழுதுபார்க்கும் ஆளைக் கடை கம்பெனியிலிருந்தே அனுப்பலாம், அதில் தவறில்லை. ஆனால் ஏற்பாடு செய்வது கடையாக இருக்கட்டும். ஆள்கூலி, உதிரிபாகம், அனுப்பும் செலவு எல்லாம் விற்றவர் தலையில்தான் விழும் என்கிறது சட்டம்.

கடையில் கேட்கக்கூடிய பதில்கள் மூன்று. “ஏழு நாளுக்குள் மட்டும்தான் மாற்றித் தருவோம்” என்பார்கள்; அது கடையின் சொந்தச் சலுகை, சட்டத்தின் ஆறு மாதத்தை அது குறைக்காது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று கல்லாவுக்கு மேலே ஒட்டிய பலகையைக் காட்டுவார்கள். மனம் மாறித் திருப்புபவருக்கு அது பொருந்தும், குறையுள்ள பொருளுக்குப் பொருந்தாது. மூன்றாவது, “பெட்டி எங்கே?” அட்டைப்பெட்டியை வீசிவிட்டதால் குறையுள்ள பொருளுக்கான உரிமை போய்விடாது. ஆனாலும் வைக்க இடமிருந்தால் ஆறு மாதம் வைத்திருங்கள், பேச்சு மிச்சம்.

5. எழுதுங்கள், நேரில் போனாலும் எழுதுங்கள்

நேரில் பேசுவது நல்லது, பாதி விஷயம் அங்கேயே முடியும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே கடையின் மின்னஞ்சலுக்கு எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதிலாவது. நீங்கள் எப்போது சொன்னீர்கள் என்பதற்குச் சாட்சி அதுதான். விற்பனையாளர் அடுத்த மாதம் வேலை மாறிப் போயிருப்பார்.

கடையிடம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். வீட்டுப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

“இன்ன நாளில் உங்கள் கடையில் இன்ன மாடல், இன்ன தொடர் எண் உள்ள ஃபிரிட்ஜை இவ்வளவு வெள்ளிக்கு வாங்கினேன். இன்ன நாளில் வீட்டுக்கு வந்தது. இன்ன நாளிலிருந்து குளிர்வதில்லை. காணொளி இணைத்துள்ளேன். டெலிவரி ஆகி ஆறு மாதம் ஆகவில்லை. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டப்படி இதைச் செலவில்லாமல் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கிறேன். இன்ன தேதிக்குள் எப்போது வருவீர்கள் என்று பதில் எழுதுங்கள்.”

இதில் புதியவர்கள் செய்யும் தவறு, முதல் வரியிலேயே பணத்தைத் திருப்பிக் கேட்பது. சட்டம் அந்த வரிசையில் இல்லை. முதலில் பழுதுபார்ப்பது அல்லது மாற்றித் தருவது. இரண்டில் ஒன்று முடியாததாக இருந்தாலோ, மற்றதைவிடச் செலவு அளவுக்கு மீறிப் போனாலோ கடை இன்னொன்றைத் தரலாம். அந்த இரண்டும் நியாயமான காலத்துக்குள், பெரிய தொந்தரவில்லாமல் நடக்கவில்லை என்றால்தான் விலையைக் குறைக்கச் சொல்வதும் பணத்தைத் திருப்பிக் கேட்பதும். எடுத்த எடுப்பில் பணம் கேட்டால், கடைக்குப் பழுதுபார்க்க வாய்ப்பே தரவில்லை என்று பின்னால் உங்கள் மீதே திரும்பும்.

இன்னொரு தவறு: கோபத்தில் மாதத் தவணையை நிறுத்துவது. கடன் அட்டைத் தவணை உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான கணக்கு. ஃபிரிட்ஜ் ஓடாவிட்டாலும் வட்டி ஓடும். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் பணமீட்புக் கோரிக்கை வைக்கலாம், ஆனால் அதைத் தனியாகக் கேளுங்கள், தவணையையும் கட்டிக்கொண்டே இருங்கள்.

6. டெக்னீஷியன் வரும் நாள்

நான் அதிகம் பார்த்த சறுக்கல் இந்தப் படியில்தான். கொஞ்சம் நின்று படியுங்கள்.

விவரம் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். பணிப்பெண்ணிடமோ பாட்டியிடமோ விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். வந்தவர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்து, டேப்லெட்டை நீட்டி “கையெழுத்து” என்பார். பாட்டி போட்டுவிடுவார். அந்தத் திரையில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வந்தவர் ஃபிரிட்ஜைத் திருப்பி, பின்தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். “போர்டு போய்விட்டது” என்றார். பிறகு திரையைக் காட்டினார். பழுதின் காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ‘பூச்சி புகுந்தது, வாரண்டியில் சேராது’ என்று இருந்தது. பட்டியலிலிருந்து தட்டித் தேர்ந்தெடுத்த வரி அது. “பல்லியா, எறும்பா, எங்கே, காட்டுங்கள்” என்றேன். இருவரும் குனிந்து பார்த்தோம். போர்டில் தூசிகூட இல்லை. ஓர் ஓரத்தில் மட்டும் கருகிய கறுப்புப் புள்ளி. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்பு அந்த வரியை அழித்துவிட்டு ‘மின்பாகம் செயலிழப்பு’ என்று மாற்றினார். கெட்ட மனிதர் இல்லை, அன்றைக்கு அவருக்கு அது ஒன்பதாவது வீடாம். பட்டியலில் கைபட்ட முதல் வரியைத் தட்டியிருக்கிறார். ஆனால் அந்த ஒரு வரி மாறாமல் போயிருந்தால் போர்டின் விலை என் பையிலிருந்து போயிருக்கும்.

ஆகவே: கையெழுத்துக்கு முன் முழுதும் படியுங்கள். ஒப்புக்கொள்ள முடியாத காரணம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே “காரணத்தை ஏற்கவில்லை” என்று எழுதிவிட்டுப் போடுங்கள். அவர் திறந்து காட்டும்போது படமெடுங்கள். அறிக்கையின் நகலை மின்னஞ்சலில் அங்கேயே அனுப்பச் சொல்லுங்கள், “பிறகு அனுப்புகிறேன்” என்றால் திரையையாவது படமெடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை எடுத்துப் போகிறாரென்றால் அதையும் ஒரு படம்.

கூலி கேட்டால்? ஆறு மாதத்துக்குள் என்றால் கடைக்குப் போன் செய்து அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாமல் கொடுக்க வேண்டியிருந்தால் ரசீதோடு கொடுங்கள், “ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்” என்று எழுதி அனுப்பிவிடுங்கள். பின்னால் கேட்க வழி இருக்கும்.

7. பழுதுபார்த்தும் சரியாகவில்லையென்றால்

நியாயமான காலம் என்றால் எத்தனை நாள் என்று சட்டம் எண் சொல்லவில்லை. பொருளையும் அதன் பயனையும் வைத்துத்தான் கணக்கு. இஸ்திரிப் பெட்டிக்கு மூன்று வாரம் பொறுக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மூன்று வாரம் என்பது வேறு. அந்தத் தொந்தரவை நீங்கள்தான் எழுதிக் காட்ட வேண்டும்: விடுப்பு எடுத்த நாட்கள், வீணான பொருள்கள், ஆள் வராமல் போன தேதிகள். ஒரு நோட்டில் தேதிவாரியாக இரண்டு வரி போதும்.

காலம் தாண்டிவிட்டாலோ அதே பழுது திரும்ப வந்தாலோ இரண்டாவது கடிதம் எழுதுங்கள். இப்போது விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். முழுப் பணமும் வரும் என்று எண்ண வேண்டாம். அதுவரை பயன்படுத்தியதற்காக ஒரு பங்கைக் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. எவ்வளவு என்பது பேரம்தான். கடையே மாற்றுப்பொருள் தருவதாகச் சொன்னால், பெரும்பாலானோருக்கு அதுவே மேல் என்பது என் அபிப்பிராயம். வீட்டில் ஃபிரிட்ஜ் வந்து நின்றால் போதும் என்ற நிலையில்தான் இருப்போம்.

8. ஆறு மாதம் கடந்தவர்களுக்கு

உரிமை முடிந்துவிடவில்லை, சுமை தோள் மாறுகிறது. விற்கும் பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்பது பொருள் விற்பனைச் சட்டத்தில் உள்ளது. ஆனால் குறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று இப்போது நீங்கள் காட்ட வேண்டும். வேறொரு டெக்னீஷியனின் எழுத்துமூல அறிக்கை இதற்குத் தேவைப்படும்; அவரைத் திறக்கவிடும் முன் கடைக்கு எழுதிச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் படியில் சொன்ன சிக்கல்தான்.

வாரண்டி இன்னும் இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள், அலைச்சல் குறைவு. ஐந்தாம் மாதத்தில் ஃபிரிட்ஜ் கொஞ்சம் சத்தம் போடுகிறது, பார்க்கலாம் என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

9. இந்தச் சட்டத்தின் கை எட்டாதவை

இணையத்தில் தனிமனிதர் ஒருவரிடம் வாங்கிய பழைய பொருளுக்கு லெமன் சட்டம் இல்லை. அதே பழைய பொருளைக் கடையில் வாங்கினால் உண்டு, வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தைத்தான் எதிர்பார்க்க முடியும் என்பது தவிர. வாங்கும்போதே சொல்லிக் காட்டிய கீறல், தேய்மானம், நாமே கீழே போட்டது, கையேட்டுக்கு மாறாகப் பயன்படுத்தியது இவற்றுக்கும் கேட்க முடியாது.

ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்ஸி, கிரைண்டர் பற்றி எப்போதும் கேட்கிறார்கள். மின்னழுத்தம் ஒன்றுதான், அங்கும் இங்கும் 230 வோல்ட். பிளக்தான் வேறு. ஆனால் அங்குள்ள கடைக்காரரை இங்குள்ள மன்றத்துக்கு வரவழைப்பது நடக்கிற காரியமில்லை, அங்குள்ள வாரண்டி இங்கே செல்லுபடியாகும் என்றும் எண்ணாதீர்கள். இங்கே தேக்கா கடைகளில் இருபது முப்பது வெள்ளி கூடக் கொடுத்து வாங்குபவர்கள், உண்மையில் இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளையும் சேர்த்து வாங்குகிறார்கள். ரசீது மட்டும் கேட்டு வாங்குங்கள். கையால் எழுதிய பில்லானாலும் கடைப்பெயரும் மாடலும் அதில் இருக்கட்டும்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அரிசிக் குக்கர், கெட்டில் போன்றவற்றில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை கட்டாயம். முத்திரையே இல்லாத பொருளைக் கடை விற்றிருந்தால், அல்லது பொருள் தீப்பிடித்தால், பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அது பணத்தைத் திருப்பித் தருவதற்கான வழியல்ல, ஆனால் சொல்ல வேண்டிய விஷயம்.

10. கேஸ் சங்கத்தின் உதவி

கடை பதில் சொல்லாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம், அதாவது கேஸ். இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடைக்கு எழுத உதவுவார்கள், உங்கள் சார்பில் பேசுவார்கள், சமரசத்துக்கும் ஏற்பாடு உண்டு. எந்த அளவு உதவி என்பதைப் பொறுத்துக் கட்டணம் இருக்கும். கேஸ் தரும் நம்பக முத்திரையான கேஸ்டிரஸ்ட் பெற்ற கடையென்றால் சீக்கிரம் இறங்கி வருவார்கள்.

கடையை இப்படிச் செய் என்று உத்தரவிட கேஸுக்கு அதிகாரம் இல்லை. பிடிவாதக் கடையிடம் இதில் இரண்டு மாதம் போய்விடும். இரண்டாண்டுத் தேதி பக்கத்தில் இருந்தால் இந்தப் படியைத் தாண்டி நேராக அடுத்ததற்குப் போங்கள். போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்துக்கும் எழுதலாம், ஆனால் அது பலரை ஏமாற்றும் கடைகளைப் பார்க்கும் அமைப்பு. உங்கள் ஒரு ஃபிரிட்ஜின் பணத்தை வாங்கித் தருவது அதன் வேலை இல்லை.

11. சிறு கோரிக்கை நடுவர் மன்றம்

பெயரைக் கேட்டாலே பலர் பின்வாங்குகிறார்கள். வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும். 20,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை எடுப்பார்கள், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பயனீட்டாளருக்கு 5,000 வெள்ளி வரை மனுக் கட்டணம் 10 வெள்ளி, அதற்கு மேல் 10,000 வரை 20 வெள்ளி. வீட்டுப் பொருளில் இதைத் தாண்டுவது அபூர்வம்.

மனு இணையத்தில்தான், சமூக நீதி, நடுவர் மன்ற முறையின் தளத்தில் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளக் கணக்கு) வழி நுழையலாம். சிங்பாஸ் இல்லாதவர்களுக்குத் தனி அனுமதிக் கணக்கு உண்டு, வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களும் மனு போடலாம். விடுதியில் ஆறு பேர் சேர்ந்து வாங்கிய குக்கருக்காகவும் கேட்கலாம், ரசீதில் பெயருள்ளவர் போனால் போதும்.

அங்கே எல்லாரும் திணறும் இடம் கடையின் பெயர். பலகையில் இருப்பது வியாபாரப் பெயர். மனுவில் எழுத வேண்டியது நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிவான நிறுவனப் பெயரும் யூஇஎன் என்ற பதிவு எண்ணும். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், இல்லையென்றால் அக்ரா தளத்தில் தேடுங்கள். தவறான பெயருக்கு எதிராக உத்தரவு வாங்கினால் அதைச் செயல்படுத்த முடியாது. ஏர்கானில் இது இன்னும் சிக்கல்: விற்றவர் ஒருவர், பொருத்தியவர் ஒருவர், பணம் வாங்கியவர் மூன்றாமவராக இருப்பார். யார் ரசீது தந்தாரோ அவரிலிருந்து தொடங்குங்கள்.

கோரும் தொகையை நியாயமாகப் போடுங்கள். பொருளின் விலை, ரசீதுள்ள பழுதுச்செலவு. மனஉளைச்சலுக்கு ஆயிரம் வெள்ளி என்றெல்லாம் சேர்த்தால் மற்றவையும் நம்பிக்கை இழக்கும். விசாரணைக்கு முன் அதே தளத்தில் இணையப் பேரம் பேச வழி உண்டு, முயன்று பாருங்கள். நான் கூட இருந்தவற்றில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்தன. மனு கையில் கிடைத்ததும் கடையின் குரல் மாறிவிடுகிறது.

முடியாவிட்டால் முதலில் பதிவாளர் முன் கலந்தாய்வு, அதிலும் தீராவிட்டால் நடுவர் விசாரணை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். ஆதாரங்களைத் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் கோப்பாக்குங்கள்: ரசீது, டெலிவரி சீட்டு, முதல் கடிதம், டெக்னீஷியன் அறிக்கை, இரண்டாவது கடிதம். அனுப்பிய நாள் தெரியாத வாட்ஸ்அப் படங்கள் பயனில்லை. குறித்த நாளில் கட்டாயம் போங்கள், நீங்கள் வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம்.

12. பழைய பொருளை எப்போது அனுப்பலாம்

இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதே, ஃபிரிட்ஜ் இல்லாமல் இருக்க முடியாமல் இன்னொன்று வாங்குவீர்கள். 2021 ஜூலையிலிருந்து கடைகள் புதியதை இறக்கும்போது அதே வகைப் பழையதை இலவசமாக எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. வந்தவர்கள் அன்பாகக் கேட்பார்கள், இடமும் அடைக்கும், நாமும் தலையாட்டிவிடுவோம். பக்கத்து வீட்டு அக்கா தலையாட்டினார். மறுவாரம் கடை “பொருளைக் கொண்டுவாருங்கள், பார்க்கிறோம்” என்று எழுதியது.

வழக்கு முடியும் வரை பழையதைப் பால்கனியிலோ அறையிலோ நிறுத்தி வையுங்கள். நடைபாதையில் வைத்தால் நகர மன்றத்தின் கடிதம் வரும். பணமோ மாற்றுப்பொருளோ கைக்கு வந்த பிறகு, அடுத்த டெலிவரியில் அனுப்பிவிடுங்கள் அல்லது நகர மன்றத்தைக் கூப்பிடுங்கள். கதவைக் கட்டி வைக்க மறக்காதீர்கள், குழந்தைகள் உள்ளே புகுந்து விளையாடுவார்கள். உள்ளே துணியால் ஒருமுறை துடைத்து, கதவை ஒரு விரல் அகலம் திறந்தபடியே கட்டுங்கள். எங்களுடையதை இறுக மூடிக் கட்டிவிட்டோம். திறந்தபோது வந்த மாவு நாற்றம் ஒரு வாரம் போகவில்லை.